வராத ரத்தம்

ஒன்றுக்கு முட்டணும் என்கிறாள் ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் பெண். நல்லா முட்டினாத்தான் படம் தெளிவா விழும்க்கா, இன்னொரு பாட்டில் குடிங்க, இனிமே தாங்காதுன்னு தோணும்போது வந்து சொல்லுங்க. சரி என்று தலையை ஆட்டிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்கிறேன். இனிமேல் தாங்காது என்பது எப்படித் தோன்றும் என்று எனக்கு மறந்துபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது. எதிர் வரிசையில் பச்சைச் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறாள், அவள் புருஷன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறான். இன்னொருத்தி கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நான் கிரேனில் உட்கார்ந்திருப்பதுபோல முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அடக்குவதுதான் என் பழக்கம். துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன், கேபின் ஆறு ஏழு மாடி உயரத்தில் இருக்கிறது, தரை கண்ணாடி, கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்துத்தான் பெட்டியைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டுமானால் ஏணி வழியாக இறங்கி, பெட்டிகளுக்கு நடுவே சுற்றி, கேட் வரைக்கும் போய்த் திரும்பி ஏற வேண்டும். அதற்குள் கீழே லாரிகள் வரிசைகட்டிவிடும், வயர்லெஸ்ஸில் பெனிற்றா எங்கே, பெனிற்றா எங்கே என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ஆண்கள் மேலேயே பாட்டிலில் முடித்துக்கொள்கிறார்கள். நான் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோகிற பாட்டில் அப்படியே வீட்டுக்கு வரும், என் புருஷன் ரெக்ஸன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். இன்றைக்கு ஒரே காலையில் இவ்வளவு தண்ணீர் குடித்ததில் வயிறு என்னுடையதே இல்லை போல இருக்கிறது. உள்ளே ஏதோ நிறைகிறது. நிறைகிறது என்று நினைத்ததும் மறுபடியும் அந்த நினைப்பு வந்துவிடுகிறது, இத்தனை வருஷமாக வராமல் போனது எல்லாம் எங்கே போனது.

போகாதுட்டி, எங்கேயும் போகாது, உள்ளேயேதான் கிடக்கும் என்று அம்மா சொன்னது போன மாதம். கோயிலில் பாட்டு பாடுகிற கூட்டத்தில் யாரோ அவள் போனுக்கு ஒரு குரல் பதிவை அனுப்பியிருந்தார்கள். ஒரு ஆள் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறான், சகோதரிகளே என்று தொடங்குகிறான், மாத்திரை போட்டு மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிறவர்களே, இயற்கை வெளியேற்ற நினைக்கிற கெட்ட ரத்தத்தை நீங்கள் உள்ளே அடைத்து வைக்கிறீர்கள், அது கட்டியாகும், கட்டி புற்றாகும். அம்மா அதை எனக்குப் போட்டுக் காட்டும்போது மீன் கழுவிக்கொண்டிருந்தேன், கை முழுக்கச் செதில், அதை நிறுத்து என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை, முழுவதும் கேட்டேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வாரத்திலேயே உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை. வர வேண்டிய நேரம் இல்லை, மூன்று மாத்திரை அட்டையையும் சேர்த்துப் போட்டு முடிக்க இன்னும் நாள் இருந்தது. மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். ரத்தம் என்று சொல்ல முடியாது, துருவைப் போல. யார்டில் பழைய பெட்டிகளின் மூலையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கீழே ஒழுகும்போது அந்த நிறம்தான் இருக்கும். தேங்கிக் கீழே ஒழுகுகிறது, அப்படியென்றால் மேலே எவ்வளவு தேங்கியிருக்கிறது, அந்த ஆள் சொன்னது உண்மைதானா. இல்லை. சகோதரிகளே என்கிறவனுக்கு என் வயிற்றைப் பற்றி என்ன தெரியும். தெரியாதுதான். ஆனால் எனக்கும் தெரியாதே. எட்டு வருஷமாக ஒரு பொருளை விழுங்குகிறேன், அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிரேனில் ஒரு போல்ட் சத்தம் போட்டால் இறங்கிவந்து எழுதிக் கொடுக்கிறவள் நான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், மாத்திரையைத் தொடங்கும்போது, ஹமீதா டாக்டர் படம் போட்டுச் சொன்னார்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு பேரிக்காயை வரைந்து, அதற்கு வெளியே அங்கங்கே புள்ளி வைத்து, கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு உனக்கு வெளியவும் வளர்ந்திருக்கும்மா, மாசாமாசம் உள்ள இருக்கிறது கசியும்போது வெளிய இருக்கிறதும் கசியுது, அதுக்குப் போக வழி கிடையாது, அதுதான் இந்த வலி என்றார்கள். அந்த வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அது என் பலவீனம் என்றுதான் நினைத்திருந்தேன், எல்லாருக்கும் வருவதுதானே, உனக்கு மட்டும் என்ன என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அந்த டாக்டரிடம் நான் போனது வலிக்காக இல்லை. ஒரு மத்தியானம், பெட்டி அந்தரத்தில் தொங்குகிறது, கீழே லாரிக்காரர் வண்டியைவிட்டு இறங்கி, இறங்கக் கூடாது, ஆனால் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணாடிக்குக் கீழே அவர் வழுக்கைத் தலை தெரிகிறது, அப்போது அடிவயிற்றில் ஈரத்துணியை இரண்டு பேர் பிடித்து முறுக்குவதுபோல ஒரு வலி. கண் இருட்டிக் கை லிவரிலிருந்து வழுக்கிவிட்டது. பெட்டி ஆடியது. ஆடினது கொஞ்சம்தான், ஆனால் அந்த உயரத்தில் கொஞ்சம் என்பது கீழே ரொம்ப. அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடினார். அவர் ஓடியதை இப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறேன், ஒரு வழுக்கைத் தலையும் அதற்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு கால்களும். பெட்டியைப் பத்திரமாக இறக்கினேன், பூட்டை விடுவித்தேன், ஏணியில் இறங்கினேன், கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் சாப்பிடலையாம்மா என்று கேட்டார். சாப்பிடலை சார் என்றேன்.

மாத்திரை போட்ட பிறகு அந்த வலி அடுத்த முறை பாதியாக வந்தது, அதற்கடுத்த முறை ஒரு முனகலாக. மாதம் ஒரு அட்டை போட்டு நிறுத்துவதற்குப் பதிலாக மூன்று அட்டையைத் தொடர்ந்து போடு, பிறகு ஒரு வாரம் விடு, வருஷத்துக்கு நாலைந்து தடவை வந்தால் போதும், கசிவது குறைந்தால் வலியும் குறையும் என்றார்கள் ஹமீதா டாக்டர். ஆனா வருஷா வருஷம் என்னைப் பார்க்கணும், பிரஷர் பார்க்கணும், எடை பார்க்கணும், ஏதாவது புதுசா வந்தா உடனே ஓடிவரணும். பார்த்தேன். கொரோனா வரைக்கும் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர்கள் மதுரைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள், கிளினிக் இருந்த இடத்தில் பேக்கரி வந்துவிட்டது, மருந்துக்கடைக்காரர் நான் வருவதைப் பார்த்ததுமே அட்டைகளை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்துவிடுகிறார், முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. யாரிடம் போவது, புதிதாக ஒருவரிடம் போய் எதிலிருந்து தொடங்குவது, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இந்த மாத்திரை எதற்கு என்று அப்போது ஒரு நர்ஸ் கேட்ட கேள்வியை மறுபடி கேட்பார்களோ. பிறகு கல்யாணமும் ஆயிற்று. ரெக்ஸன் தோணிகளுக்கு இன்ஜின் பழுது பார்க்கிறவன். பெண் பார்க்க வந்த அன்றே அவனிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அவன் யோசித்துவிட்டு, இன்ஜின் சூடாகாம இருக்க ஆயில் ஊத்துற மாதிரியா என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டான். நீ எப்ப சொல்லுதியோ அப்ப பெனி. எப்ப, எப்ப என்று என்னையே கேட்டுக்கொண்டு முப்பத்தேழு வயசாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தினால் வலி வரும், நிறுத்தாவிட்டால் பிள்ளை வராது, நிறுத்தியும் வராவிட்டால் அதற்கு மாத்திரைதான் காரணமா, எட்டு வருஷம் தூங்கவைத்த ஒன்றை எழுப்பினால் எழுந்திருக்குமா. அம்மா அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறாள். காய்ந்துபோகும் என்கிறாள். ஒரு நாள் தேங்கிக் கிடக்கும் என்கிறாள், இன்னொரு நாள் காய்ந்துபோகும் என்கிறாள், இரண்டும் எப்படிம்மா சேர்ந்து நடக்கும் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் சலேத்தம்மா, என் அம்மா. வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். காலையில் நான் செருப்பு மாட்டும்போது அவள் ஏற்கெனவே வாசலில் நின்றாள், கோயிலுக்குக் கட்டுகிற கஞ்சிபோட்ட சேலை, கையில் குடை. ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு ஆகாது. காய்ச்சல் என்றாலும் மிளகும் துளசியும்தான், எங்கள் அப்பா கடைசியில் படுத்திருந்தபோதுகூட வார்டுக்கு வெளியே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். இங்கே வந்ததிலிருந்து சுவரில் ஒட்டியிருக்கும் படத்தையே பார்க்கிறாள், பெண்ணின் இடுப்பைக் குறுக்கே வெட்டினதுபோல ஒரு படம், சிவப்பும் நீலமுமாகக் குழாய்கள். அவளுக்கு என் மேல் கோபம் என்றுதான் இந்த மாதம் முழுக்க நினைத்திருந்தேன். கோபம் மாதிரிதான் இருந்தது. சோறு வைக்கும்போது தட்டு சத்தம் போடும், மாத்திரையா முழுங்கினே, முழுங்கு என்பாள். இப்போது பக்கவாட்டில் பார்க்கும்போது குடைக் கைப்பிடியை அவள் விரல்கள் பிடித்திருக்கிற விதம் வேறு மாதிரி இருக்கிறது. முதல் நாள் கிரேன் ஏறினபோது ஏணிக் கம்பியை நான் அப்படித்தான் பிடித்திருந்தேன். இது கோபம் இல்லை. வயிறு இப்போது உண்மையிலேயே முட்டுகிறது, இருமினால் போய்விடும் போல இருக்கிறது, நல்லவேளை, எனக்கும் எல்லை இருக்கிறது. எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் சொல்கிறேன். அவள் முகம் மலர்கிறது, ஏதோ நான் பரீட்சையில் பாஸாகிவிட்டதுபோல.

ஜெல் குளிர்கிறது. ஸ்கேன் எடுக்கும் டாக்டர் என்னைவிடச் சின்னவள், மூக்குத்தி போட்டிருக்கிறாள், கருவியை அடிவயிற்றில் வைத்து அழுத்தும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது, சாரி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்கிறாள். திரையில் சாம்பல் நிறத்தில் மழை பெய்வதுபோல இருக்கிறது. அதில் ஒரு கரிய குளம், அது சிறுநீர்ப்பை, நான் குடித்த தண்ணீர் எல்லாம். அதற்குப் பின்னால் ஏதோ மங்கலாக அசைகிறது. அவள் பட்டனைத் தட்டுகிறாள், நிறுத்துகிறாள், அளக்கிறாள், மறுபடி அதே இடத்துக்குப் போகிறாள். ஏன் மறுபடி அதே இடம். அங்கே என்ன இருக்கிறது. யார்டில் ஒரு முறை கதவு திறக்காமல் மூன்று வருஷம் கிடந்த பெட்டியை சுங்கத்துக்காரர்கள் திறந்தபோது உள்ளே இருந்தது எல்லாம் கறுத்துக் கூழாகிக் கிடந்தது, என்ன சரக்கு என்றே தெரியவில்லை, அந்த நாற்றம் எனக்கு மேலே கேபின் வரைக்கும் வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன், படிக்காதவள் மாதிரி இருக்கும் என்று. ஆனால் வாய் கேட்டுவிடுகிறது. உள்ளே ஏதாவது தேங்கியிருக்கா. அவள் எது என்கிறாள். ரத்தம் என்கிறேன், மாத்திரை போட்டு மாசாமாசம் வராம பண்ணிட்டேன், அதெல்லாம் உள்ளே இருக்கா. அவள் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்புகிறாள்.

“இந்தா, வெள்ளையா மெல்லிசா ஒரு கோடு தெரியுதா? அதுதான் உள்சவ்வு. நீங்க பயப்படுற எதுவும் இங்க இல்லை. ஒண்ணுமே தேங்கலை.”

பார்க்கிறேன். நூல் ஒன்று விழுந்து கிடப்பதுபோல இருக்கிறது. அவ்வளவுதானா. ஒரு மாதமாக நான் அஞ்சின இடம் இவ்வளவு சுத்தமாகவா இருக்கிறது. இடப்பக்கச் சினைப்பையில் பழைய கட்டி ஒன்று சின்னதாக இருக்கிறது, நான் கொண்டுவந்த ஹமீதா டாக்டர் காலத்து ரிப்போர்ட்டிலேயே அது இருக்கிறது, வளரவில்லை, பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வாங்க என்று அவள் ஜெல்லைத் துடைக்கக் காகிதம் தருகிறாள். அழுகிறேனா, இல்லை, வயிறு முட்டுகிறது. கழிப்பறையில் உட்கார்ந்ததும் கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது, இதற்கு முடிவே இல்லை போல, பக்கத்து அறையிலும் யாரோ நிம்மதியாக மூச்சு விடும் சத்தம், பச்சைச் சுடிதாராக இருக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் முகம் கழுவும்போது பசிக்கிறது. வெளியே வந்து அம்மாவிடம் ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா இருக்கு என்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நம்பவில்லை. உனக்குச் சொன்னாவளா, இல்ல நீயா சொல்லுதியா என்று கேட்கிறாள். காட்டினாவம்மா, நானே பாத்தேன் என்கிறேன்.

பெரிய டாக்டர் பெயர் தமயந்தி, நரைத்த தலை, மேஜையில் பாதி குடித்த டீ ஆறிக் கிடக்கிறது. அம்மா வாசலோடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன், என்னோடு உள்ளே வந்து சுவர் ஓரமாக இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் பார்த்தார்கள். எட்டு வருஷக் கதையையும் சொன்னேன், சகோதரிகளே என்பவனைப் பற்றியும் சொன்னேன். அவர்கள் பொறுமையாகவே பதில் சொன்னார்கள். மாதாமாதம் வந்தே ஆக வேண்டும் என்று உடம்புக்குக் கட்டாயம் இல்லை. இந்த மாத்திரை போடும்போது உள்சவ்வு தடிப்பதே இல்லை, தடிக்காதது உதிர வேண்டியதும் இல்லை, உதிராதது எங்கே போய்த் தேங்கும். இடையில் பழுப்பாகக் கசிவது தொடர்ந்து போடுகிறவர்களுக்கு வருவதுதான், என்றாலும் நீங்க வந்து காட்டினது சரி. மாதம் ஒரு அட்டை போடுகிறவர்களுக்கு என்ன ஆபத்து உண்டோ அதுதான் மூன்று அட்டை சேர்த்துப் போடுகிறவர்களுக்கும், கூடுதல் இருப்பதாக இதுவரை தெரியவில்லை. இருபது முப்பது வருஷம் இப்படியே தொடர்ந்து போட்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சி குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன் என்றார்கள். காய்ந்துபோகுமா என்று கேட்டேன். காயாது, நிறுத்தினால் சில மாதத்தில் திரும்பிவிடும், பிள்ளை வேண்டுமென்றால் மாத்திரையை நினைத்துப் பயப்படாதீர்கள், வயசையும் அந்தக் கட்டியையும் யோசித்துச் சீக்கிரம் முடிவெடுங்கள். எனக்கு எழுந்து ஓடிப்போய் ரெக்ஸனுக்குப் போன் பண்ண வேண்டும் போல இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அவர்கள் எழுதிக்கொண்டே, தலைவலி உண்டா என்று கேட்டார்கள். உண்டு, வெயில்ல வேலை, எப்பவாவது வரும் என்றேன். பேனா நின்றது.

“வலி வரதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமா?”

தெரியும். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற விஷயம் என்றே நினைத்ததில்லை. போன வருஷம் ஒரு நாள் கேபினில், பெட்டியின் நான்கு மூலையையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மூலையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஜரிகைபோல ஒன்று மினுங்கியது, ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து மெதுவாகப் பெரிதாகியது. கடல்மேல் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்று நினைத்துக் கண்ணை மூடினேன், மூடின கண்ணுக்குள்ளும் மினுங்கியது. காற்று அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் நிறுத்துகிறேன் என்று வயர்லெஸ்ஸில் பொய் சொன்னேன். அது போனதும் தலையின் ஒரு பக்கம் மட்டும் இடித்தது. அதற்குப் பிறகும் நாலைந்து முறை வந்துவிட்டது, இந்த மழைக்காலத்தில் வானம் மூடியிருந்தபோதும் வந்தது, வெயிலே இல்லை, அப்போதும் நான் கடலைத்தான் குற்றம் சொன்னேன். இதையெல்லாம் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது, பயமுறுத்துகிற மாதிரி இல்லை, கவனமாக. அவர்கள் சொன்னது இது. இந்த மாதிரி தலைவலி உள்ளவர்கள் இந்த மாத்திரையைப் போடக் கூடாது. இதில் இருக்கிற இரண்டு ஹார்மோனில் ஒன்று ரத்தத்தை உறையவைக்கப் பார்க்கும், எல்லாருக்கும் அது ரொம்பச் சின்ன ஆபத்து, ஆனால் கண்ணில் மினுக்கம் வருகிறவர்களுக்கு மூளையில் அடைப்பு வருகிற வாய்ப்பு கூடுகிறது, உங்களுக்கு வயசு முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, பிரஷரும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரே ஹார்மோன் உள்ள வேறு மாத்திரை எழுதுகிறேன், வலியையும் அது பார்த்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து வாருங்கள். அதற்குள் கையோ காலோ மரத்துப்போனால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்காதீர்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கை லிவரைப் பிடித்திருப்பதுபோல நாற்காலிக் கையைப் பிடித்திருந்தது. இத்தனை நாள் நான் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆபத்து மேலே நின்றிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொள்கிறேன், இன்னொரு பக்கம் பெட்டிக்குக் கீழே யார் யார் நின்றார்களோ அவர்கள் தலைகளாகத் தெரிகிறது. ஹமீதா டாக்டர் இருந்திருந்தால் போன வருஷமே கேட்டிருப்பார்கள். ஏதாவது புதுசா வந்தா ஓடிவரணும் என்றார்களே. யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அம்மா எழவில்லை. வாம்மா என்றேன். அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடையை மடியில் படுக்கவைத்திருந்தாள்.

“நான் ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. எனக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாவ. இவ எட்டாப்பு படிக்கும்போது. மாத்திர போட்டதாலயா?”

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். நர்சிங் ஹோம் வராந்தாவில் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன், வயிற்றில் கட்டி என்றுதான் சொன்னார்கள், பிறகு பெரியவளானதும் அது என்ன கட்டி என்று நானாகப் புரிந்துகொண்டேன், அவள் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. அவள் போட்ட மாத்திரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டார்கள். அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போவதற்கு நேர்ந்திருந்தாள், நடக்கிற நாளில் வந்துவிடும் போல இருந்தது, எறால் கம்பெனியில் கூட வேலை பார்த்தவள் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கித் தந்தாள், போட்டாள், நடந்தாள். திரும்பி வந்த மாதத்திலிருந்து கொட்டத் தொடங்கியது, நிற்கவே இல்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு உடம்பை ஏமாற்றினேன், அதுதான் பிடித்துக்கொண்டது என்று நினைத்தாள். நர்சிங் ஹோமில் எடுக்காவிட்டால் புற்றாகிவிடும் என்றார்கள், அப்பா கையெழுத்துப் போட்டார், அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால், நீ என்ன போட்ட என்று திருப்பிக் கேட்பார்களே. அப்போது அவளுக்கு இப்போதைய என் வயசுகூட இல்லை. ஒரு மாதமாக அந்தத் தட்டுச் சத்தம் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. நான் ஒவ்வொரு ராத்திரியும் மாத்திரையைப் பிரிக்கும்போது அடுப்படியில் நின்று அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும்.

டாக்டர் நாற்காலியை மேஜையைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“இல்லம்மா. நாலு நாள் போட்ட அந்த மாத்திரையால கர்ப்பப்பைய எடுக்குற அளவுக்கு வராது. உங்க மேல ஒரு தப்பும் இல்லை.”

“அப்ப எதுக்கு எடுத்தாவ?”

“அது எனக்குத் தெரியாதும்மா. அப்ப எழுதின சீட்டு எதுவும் இல்லாம யாராலயும் சொல்ல முடியாது. எடுக்க வேண்டிய காரணம் இருந்திருக்கலாம். எடுக்காமலே மருந்துல சரியாகியிருக்கவும் செய்யலாம்.”

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. சரிம்மா என்றாள். முட்டி வலிக்குதா, ராத்திரி வேர்க்குதா என்றெல்லாம் டாக்டர் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றாள், எவ்வளவு காலமாக என்று கேட்டதற்கு அப்ப இருந்தே என்றாள். சினைப்பையையும் சேர்த்து எடுத்திருக்கலாம், எலும்பு எப்படி இருக்கிறது என்று ஒரு பரிசோதனை பண்ணிப் பார்க்கலாம், இப்போதும் ஒன்றும் காலம் கடந்துவிடவில்லை என்றார்கள். நான் சீட்டை மடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்து அறையில், இரண்டு பேரும் தனித்தனியாக இதையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஆட்டோ வரும் வரைக்கும் எதிரே இருந்த கடையில் அம்மாவுக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கினேன், எனக்கும் ஒன்று வாங்கினேன், உறிஞ்சிக் குடித்தேன். பழைய மாத்திரையில் பாதி அட்டை வீட்டில் இருக்கிறது, இன்று ராத்திரி அதைத் தொடக் கூடாது. புதியது எப்படி இருக்கும் என்று தெரியாது. வலி வரலாம், வராமலும் இருக்கலாம். நாளைக்கு யார்டில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், சொன்னால் கொஞ்ச நாள் கீழே வேலை தருவார்கள், தரட்டும். ரெக்ஸனிடம் பிள்ளையைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும், தெரியாது என்று சொல்லலாம் போல இருக்கிறது, அந்த டாக்டர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார்கள். அம்மா ஜூஸைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள், ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே பச்சைச் சுடிதார்ப் பெண் புருஷனோடு படி இறங்கிவந்தாள். அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த மாசம் நீ வரும்போது நானும் வாரேன். எனக்கு இன்னும் கேக்க வேண்டியது கிடக்கு.”

சரிம்மா என்றேன். ஆட்டோ வந்து நின்றது. முதலில் அவள் ஏறினாள்.